இமாம் பயுல்டு, கர்னுயாருக்: கறியை எடுத்துவிட்டால் போதுமா?

துருக்கியின் இந்த இரண்டு கத்தரிக்காய்ச் சமையலும் தட்டில் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். நீளக் கத்தரிக்காய், நடுவில் ஒரே கீறல், உள்ளே வதக்கிய பூரணம். அதனால் கர்னுயாருக்கில் கொத்துக்கறியை எடுத்துவிட்டால் இமாம் பயுல்டு ஆகிவிடும் என்று சமையல் குறிப்புகளிலேயே எழுதுகிறார்கள். ஆகாது. இமாம் பயுல்டில் சேரும் ஆலிவ் எண்ணெய் ஆறினாலும் இளகியே இருக்கும். கர்னுயாருக்கின் கறிக் கொழுப்பு ஆறினால் உறைந்து அண்ணத்தில் ஒட்டும். அதனால் இமாம் பயுல்டு ஆறவைத்துச் சாப்பிடுவது, கர்னுயாருக் சூடாக. மற்ற வேறுபாடெல்லாம் இதிலிருந்து வருபவை.

(பெயர்களுக்கு 'இமாம் மயங்கினார்', 'பிளந்த வயிறு' என்று பொருள். துருக்கி மொழியின் புள்ளியில்லா i (ı) எழுத்தின் ஒலி நம் குற்றியலுகரம் போலத்தான். 'வீடு' என்பதன் கடைசி ஒலியைப் போல 'பயுல்டு' என்றால் சரி.)

இரண்டுக்கும் 150 கிராம் அளவில் 6 காய்கள். காம்பை வெட்டாமல் அப்படியே விட்டு, தோலைப் பட்டை பட்டையாகச் சீவி, 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி உப்புக் கரைத்து அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு ஈரம் போகத் துடைக்காவிட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.

இமாம் பயுல்டுக்கு உயிர் வெங்காயம். 400 கிராம், பிறைபிறையாக அரிந்தது. பொடியாக நறுக்கினால் குழைந்து கூழாகும். 100 மி.லி. ஆலிவ் எண்ணெயில், 8 பல் பூண்டுடன், சிறு தீயில் 15 நிமிடம். நிறம் மாறக் கூடாது, துவள வேண்டும். சிவந்தால் கசப்பு தட்டும். அவசரப்பட்டு இறக்கினால் ஆறிய பிறகு பச்சை வாடை வரும். பிறகு 3 தக்காளி, உப்பு, 1 தேக்கரண்டி சர்க்கரை, கொத்தமல்லி போன்ற பார்ஸ்லி இலை. காயை லேசாக வதக்கி, இரு முனையிலும் 2 செ.மீ. விட்டுக் கீறி, அடி கிழியாமல் நிரப்பி, கால்பங்கு உயரத்துக்கு மட்டும் வெந்நீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் 45 நிமிடம் வைக்கலாம். தண்ணீர் கூடினால் குழம்பாகிவிடும். சட்டியிலேயே ஆறட்டும், மறுநாள் ருசி இன்னும் கூடும்.

கர்னுயாருக்கில் தவறு நேர்வது பெரும்பாலும் பொரிப்பதில்தான். ஓவனில் இருக்கும் அரைமணி நேரம் பூரணமும் காயும் ஒட்டுவதற்கு. அரைவேக்காட்டுக் காயை அது சரிசெய்யாது. காயை முழுதாக, இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டு, 175 டிகிரி சூரியகாந்தி எண்ணெயில் விரலால் அழுத்தினால் அமுங்கும்வரை பொரித்து, அப்புறம் கீறுங்கள். எண்ணெய் காயாமல் போட்டால் கத்தரிக்காய் பஞ்சாக உறிஞ்சும். பூரணத்துக்கு 300 கிராம் மாட்டு அல்லது ஆட்டுக் கொத்துக்கறி (கொழுப்பே இல்லாததென்றால் வறண்டு மணல்மணலாகும்), பொடியாக நறுக்கிய 1 வெங்காயம், 2 பச்சைக் குடைமிளகாய், 2 தக்காளி, மிளகுத்தூள். 1 மேசைக்கரண்டி தக்காளி விழுதை ஒரு கோப்பை வெந்நீரில் கரைத்து அடியில் ஊற்றி, 190 டிகிரியில் வையுங்கள்.

கூட வைப்பதிலும் வழி பிரிகிறது: கர்னுயாருக்குக்குப் பிலாவ் சோறும் ஜாஜுக் எனும் வெள்ளரித் தயிரும்; இமாம் பயுல்டுக்கு எண்ணெயைத் தொட்டெடுக்க ரொட்டி போதும். விருந்தினர் எப்போது வருவார்கள் என்று தெரியாத நாளில் இமாம் பயுல்டுதான் கைகொடுக்கும். மூன்று நாள் குளிர்பெட்டியில் தாங்கும், ஆனால் சாப்பிட அரைமணி முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும்.