எக்ஸ்சேஞ்சா, கையில வைக்கிற வாலட்டா? நம்ம ஊரு மழையில வச்சுப் பாத்தது

துபாய்ல இருக்குற எனக்க தம்பி போன வாரம் கேட்டான், "அண்ணே, பிட்காயினை எக்ஸ்சேஞ்ச்லயே போட்டு வைக்கட்டா, இல்ல ஹார்டுவேர் வாலட் வாங்கட்டா"ன்னு. எக்ஸ்சேஞ்ச்னா காயின் வாங்கி விக்கிற ஆன்லைன் கம்பெனி, ஹார்டுவேர் வாலட்னா காயினோட சாவிய உள்ள வச்சிருக்க சின்ன டிவைஸ். நான் ரெண்டுலயும் வச்சுப் பாத்தாச்சு, இப்ப வாலட் கட்சி, அதனால சாய்வு இருக்கும், பாத்துக்கிடுங்க.

எக்ஸ்சேஞ்ச் சௌகரியம்தான். பாஸ்வேர்டு மறந்தா மாத்திக்கிடலாம், விக்கணும்னா ரெண்டு தட்டு. ஆனா சாவி, அதான் காசை நகத்துறதுக்கான ரகசியக் குறி, அவங்க கையில. பிட்காயின் பிளாக்செயின, அதான் எல்லா வரவு செலவும் பதியுற பொதுக் கணக்க, உடைக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல, அதான் திருடன் சாவி வச்சிருக்க ஆளத் தேடிப் போறான். 2014ல மவுண்ட் காக்ஸ்ங்கிற எக்ஸ்சேஞ்ச் கவுந்துது. 2024 ஜூலைல வாசிர்எக்ஸ்ங்கிற நம்ம நாட்டு எக்ஸ்சேஞ்ச்ல 23 கோடி டாலர் போச்சு, அதுவும் பலபேர் கையெழுத்து போட்டாத்தான் தொறக்கும்னு இருந்த வாலட்டுலயிருந்து. எனக்க காசு வேற எடத்துலதான் கெடந்துது, இருந்தாலும் அந்த வாரமே எடுத்துட்டேன்.

போன் ஆப் வாலட்டு டீக்காசுக்கு சரி, அதுக்கு மேல வேண்டாம்.

பிரைவசிக்காக வாலட் வாங்குறவங்களுக்கு ஒண்ணு. காசு உங்க கைக்கு வந்ததுனால நீங்க மறைஞ்சிர மாட்டீங்க. பிட்காயின் கணக்கு சந்தையில விரிச்சுப் போட்ட மாதிரி எல்லாரும் பாக்கலாம், பேரு மட்டும்தான் இல்ல. பான், ஆதார் வாங்கி வச்சிருக்க எக்ஸ்சேஞ்சுக்கு நீங்க எந்த அட்ரஸுக்கு, அதான் பிட்காயின் கணக்கு நம்பர் மாதிரி, எடுத்தீங்கன்னும் தெரியும். ஒவ்வொரு வரவுக்கும் புது அட்ரஸ் போட்டா அடையாளம் தெரியுறது கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான். 2020ல லெட்ஜர்ங்கிற வாலட் கம்பெனியில வாங்கினவங்க பேரும் வீட்டு விலாசமும் கசிஞ்சுது, சாவிக்கு ஒண்ணும் ஆகல, ஆனா எந்த வீட்ல வாலட் கெடக்குன்னு கண்டவனுக்கும் தெரிஞ்சு போச்சு.

இப்ப முக்கியமான காரியம், அந்த 24 வார்த்தை, வாலட்ட முதல்ல தொடங்கும்போ அது தர்ற இங்கிலீஷ் வார்த்தைங்க, சாவிய திரும்ப உண்டாக்குறது இத வச்சுத்தான். டிவைஸ் ஒடஞ்சா வேற வாங்கலாம், ஆனா அப்ப இது கையில இல்லன்னா காசு போச்சு. நான் கூட வந்த அட்டையில பேனாவால எழுதி பீரோவுல துணிக்கடியில வச்சேன். மார்த்தாண்டம் பக்கம் வீடு, ஆனி ஆடிச் சாரலும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, ரப்பர் ஷீட்டே பூத்துப் போற ஊரு, அட்டை என்ன செய்யும், ஒரு வருசத்துல பூசணம் புடிச்சு ரெண்டு வார்த்தை கலங்கிப் போச்சு. டிவைஸ் நல்லா இருந்ததுனால தப்பிச்சேன், புதுசா 24 வார்த்தை உண்டாக்கி காசை அதுக்கு மாத்தினேன். இந்தத் தடவ ஸ்டீல் தகடு. பாத்திரக்கடையில பேரு வெட்டித் தருவாங்கதான், ஆனா இத அங்க கொண்டு போனா கதை முடிஞ்சுது, எழுத்து பஞ்ச் வாங்கி ராத்திரி உக்காந்து நானே அடிச்சேன். முழு வார்த்தையும் வேண்டாம், இந்த வார்த்தைங்கள எடுக்கிற பட்டியல்ல இருக்க 2048 வார்த்தையும் முதல் நாலு எழுத்துலயே வேற வேறயா பிரிஞ்சிரும். போட்டோ எடுக்காதீங்க, வாட்ஸப்ல உங்களுக்கே அனுப்பிக்கிடாதீங்க.

ஒரு எடத்துல எக்ஸ்சேஞ்ச் ஜெயிக்கும். எனக்கு ஒண்ணு ஆனா வீட்டுக்காரி சர்டிபிகேட்டோட போயி தட்டுறதுக்கு அங்க ஒரு கதவாவது இருக்கு. வாலட்டுக்கு அப்படி யாருமில்ல. அதனால கொஞ்சம் காசு மட்டும் போட்டு, டிவைஸ்ல உள்ளத அழிச்சு, தகடப் பாத்து திரும்ப ஏத்தச் சொன்னேன் அவகிட்ட. "இந்த நாலு எழுத்துக்கு நான் அகராதியா பாக்கணும்"னு திட்டிக்கிட்டே முக்கால் மணி நேரத்துல ஏத்திட்டா. மல்டிசிக், அதான் பலபேர் கையெழுத்து போட்டாத்தான் தொறக்குற வாலட், நான் செஞ்சு பாக்கல, அதப் பத்தி வாய் தொறக்கல.

தம்பிகிட்ட தொகை எவ்வளவுன்னு கேட்டேன், ஒரு மாச சம்பளத்துக்குள்ளதானாம். அப்ப இப்போதைக்கு எக்ஸ்சேஞ்ச்லயே கெடக்கட்டும், ஓணத்துக்கு ஊருக்கு வரும்போ தகடு நான் அடிச்சுத் தரமாட்டேன், நீயே அடிச்சுக்கன்னுட்டேன்.