கருத்தரிப்பு மையம் ஒன்றில் மருத்துவர் பேசிய விதம்

ஒரு கருத்தரிப்பு மையத்தில் இரண்டு முறை சோதனைக்குழாய் சிகிச்சை பெற்ற அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். முதல் சந்திப்பிலேயே மருத்துவர், ஏ.எம்.ஹெச். என்னும் ஹார்மோனின் அளவு கருமுட்டைகளின் இருப்பைத்தான் உணர்த்தும், தரத்தைக் காட்டாது என்று தாளில் வரைந்து விளக்கியதோடு, வெற்றி விகிதம் என்று சொல்லப்படுவது கருத்தரித்தவர்களின் கணக்கா, குழந்தை பெற்றவர்களின் கணக்கா என்று எந்த மையத்திலும் (தம்முடையது உட்பட) கேட்கச் சொன்னார். ஆனால் ஸ்கேன் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் மாறினார். ஆய்வகத்தில் 5 நாள் வளர்த்த கருவைப் பதித்து 12 நாள் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனை எதிர்மறையானபோது, அதைத் தொலைபேசியில் ஒரே வரியில் தெரிவித்தார்கள், அது பெருங்குறை. மறுநாள் மருத்துவர் எங்கள் இருவரையும் அமரவைத்து, கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டி விளக்கினார்; அடுத்த சிகிச்சைச் சுழற்சிக்குத் தேதி மட்டும் கேட்கவில்லை.