4% வினாகிரியும் வெயில்கால அச்சாறும்: எந்தப் போத்தலை வாங்குவது?

யாழ்ப்பாணத்துக் கடைத் தட்டுகளில் வினாகிரி இரண்டு விதமாக நிற்கிறது. ஒன்று தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்தது. மற்றது அசற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. அதன் லேபலில் ‘செயற்கை வினாகிரி’ என்று இருக்கும், சில போத்தல்களில் மிகச் சின்ன எழுத்தில். முதலாவதற்கு விலை கூட. பங்குனி, சித்திரையில் வளவில் காய்ப்பதை அச்சாறு போட்டு வைக்க நினைப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் காசு எங்கே பிரயோசனப்படும், எங்கே வீண் என்பதுதான் இந்த மதிப்பீடு.

முதலில் பார்க்கவேண்டியது கம்பனியின் பெயரை விட அமில வீதத்தை. எங்கள் கடை வினாகிரி பெரும்பாலும் 4%. வெளிநாட்டுச் செய்முறைகள் 5% வினாகிரியை நினைத்து எழுதப்பட்டவை. ‘பாதி வினாகிரி, பாதி தண்ணீர்’ என்று அவற்றில் வரும் அளவை இங்கே அப்படியே எடுத்தால் அச்சாறு கெடும். ஏன் என்பதற்குக் கணக்குப் பெரிதில்லை. 1 கிலோ மரக்கறியில் ஏறத்தாழ 900 கிராம் தண்ணீர். 500 மில்லி வினாகிரியில் இருக்கும் அமிலம் 20 கிராம். நாளாக ஆக இந்த அமிலம் காய்க்குள் இருக்கும் தண்ணீருக்கும் சேர்த்துப் பரவும். 1400 மில்லிக்கு 20 கிராம் என்றால் 1.4% தான் மிஞ்சும். வினாகிரியில் பாதிக்குத் தண்ணீர் விட்டிருந்தால் 0.7%. இந்த அளவில், 32 பாகை வெக்கையில், குசினித் தட்டில் வைத்த போத்தல் சில நாளிலேயே மூடியைத் தள்ளும்.

காயைப் போடமுன் அதில் இருந்து 300 கிராம் தண்ணீரை வெளியேற்றிவிட்டால் அதே வினாகிரி 1.8% இல் நிற்கும். பழைய ஆட்கள் அச்சாற்றுக் காயைப் பாயில் காயப்போட்டதன் காரணம் இதுதான். குளிர் நாட்டுக்காரர் போத்தலைக் கொதிநீரில் அவித்துச் செய்யும் வேலையில் ஒரு பங்கை எங்கள் வெயில் சும்மா செய்து தருகிறது.

சரி, எது உண்மையான தென்னை வினாகிரி? லேபலை மட்டும் நம்பவேண்டாம். போத்தலைக் குலுக்கினால் புளித்து வந்த வினாகிரியில் நுரை கொஞ்ச நேரம் நிற்கும். செயற்கையில் உடனே அடங்கிவிடும். மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்தி, பின்னால் வேறு மணம் ஒன்றும் வராவிட்டால் அது அமிலமும் தண்ணீரும்தான். தென்னை வினாகிரியில் குத்துக்குப் பின்னால் கள்ளின் மணம் மெல்ல வரும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு மேசைக்கரண்டியைப் பீங்கான் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். காய்ந்தபின் ஒட்டுகிற மாதிரி மெல்லிய படிவு இருந்தால் நல்லது. நிறமில்லாத செயற்கை வினாகிரி தட்டை வெறுமையாக விட்டுப் போகும். கருக்கிய சீனி நிறம் சேர்த்த போத்தல் இந்தச் சோதனையில் ஏமாற்றும்; அதனால் மணத்தையும் நுரையையும் சேர்த்தே பாருங்கள்.

அடியில் மண்டி, மேலே வழுவழுப்பான சவ்வு இரண்டும் தென்னை வினாகிரியில் குறை இல்லை. அந்தச் சவ்வு கள்ளின் மதுசாரத்தை அமிலமாக்கும் பக்ரீரியாக்கள் கட்டுவது. துணியில் வடித்துவிட்டுப் பாவிக்கலாம். வடித்தாலும் தெளிவு வராது என்பதால், கண்ணாடிப் போத்தலில் பளிச்சென்று தெரியவேண்டும், விற்கவேண்டும் என்றால் செயற்கைதான் வசதி. வீட்டில் கள்ளுப் புளிக்கவைத்து எடுத்த, வீதம் தெரியாத வினாகிரி மீன் குழம்புக்கும் அன்றைய சம்பலுக்கும் நன்றாக இருக்கும். மாதக் கணக்கில் வைக்கும் அச்சாற்றுக்கு அதை எடுக்கவேண்டாம். லேபலில் வீதம் போடாத போத்தலும் அப்படித்தான்.

இனிக் காய். எந்த வினாகிரியாலும் கெட்ட காயைத் திருத்த முடியாது. கறிமிளகாயில் இந்தப் பருவத்தில் வரும் பெரிய கேடு வெயில் சூடு. வெயில் நேரே படும் காயில் வெளிறிய, கடதாசி போன்ற தழும்பு விழும். கறிக்கு அந்த இடத்தை வெட்டி எறியலாம். அச்சாற்றுக்கு அந்தக் காயையே விடுங்கள், தழும்பைச் சுற்றி உள்ள சதை வினாகிரியில் குழைந்துவிடும். செடியின் இலையைக் கழிப்பதை நிறுத்தினாலே பாதி தப்பும். மிச்சத்துக்கு மத்தியானம் மூன்று மணித்தியாலம் கிடுகு நிழல் போதும்.

தக்காளியிலும் கறிமிளகாயிலும் அடிப்பக்கம் கறுத்து அமுங்கினால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று சொல்லி எதையாவது விற்கப் பார்ப்பார்கள். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இறங்கியவை. தண்ணீரிலேயே கல்சியம் தாராளம். கறுப்பது இறைப்பு ஒழுங்கில்லாததால். நான்கு நாள் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாக இறைத்தால் செடி அந்தச் சத்தைக் காய்வரை கொண்டுபோக முடிவதில்லை. ஒன்றுவிட்ட ஒரு நாள் அளவாக இறைத்து, பாத்திக்கு வைக்கோலோ காய்ந்த சருகோ நாலு விரல் தடிப்புக்குப் போடுங்கள். தென்மேற்குக் காற்றான சோழகம் தொடங்கிவிட்டால் இந்த மூடாக்கு இல்லாத செம்மண் பாத்தி காலையில் இறைத்தாலும் பின்னேரம் தூசி பறக்கும்.

வெண்டியும் பயிற்றையும் வெக்கைக்கு அஞ்சுவதில்லை, அஞ்சவேண்டியது ஆய்கிறவர்தான். ஒரு நாள் தவறினால் வெண்டி நாராகிவிடும். நுனியை ஒடித்துப் பாருங்கள்: ‘டக்’ என்று ஒடிந்தால் சமையலுக்கு, வளைந்தால் விதைக்கு. பயிற்றங்காயில் விதை வெளியே புடைக்கமுன் ஆயவேண்டும். வெண்டியை அச்சாற்றுக்குள் போடவே வேண்டாம், வழுவழுப்பு முழுப் போத்தலுக்கும் இறங்கும். அதைப் பாற்கறி வைத்துத் தின்பதே மேல்.

பப்பாசிக்காய் யாழ்ப்பாண அச்சாற்றின் முதுகெலும்பு. தோல் முழுப் பச்சையாக, உள்ளே விதை வெள்ளையாக இருக்கவேண்டும். சதையில் மஞ்சள் சாயல் தெரிந்தால் பிந்திவிட்டது. கரட் இந்தப் பருவத்தில் பெரும்பாலும் மலைநாட்டில் இருந்து வருவதுதான். நிறத்துக்குக் கொஞ்சம் போதும். வெங்காயத்துக்கு மட்டும் வெளியே போகத் தேவையில்லை. வேதாளன் போன்ற ஊர்ச் சின்ன வெங்காயத்தை உரித்து முழுதாகப் போட்டால் மாதம் ஒன்று கடந்தாலும் கடிபடும்.

இரண்டு வினாகிரியையும் ஒப்பிட ஒரே அளவு: பப்பாசிக்காய் 450 கிராம், சின்ன வெங்காயம் 250, கறிமிளகாய் 100, கரட் 100, பயிற்றங்காய் 60, பச்சைமிளகாய் 40. எல்லாம் சேர்த்து 1 கிலோ. கல்லுப்பு 30 கிராம், வினாகிரி 500 மில்லி, கடுகு 40 கிராம், சீனி 50 கிராம், உள்ளி 6 பல்லு, இஞ்சி ஒரு விரலளவு, மிளகு 1 தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி. உப்பைக் கரண்டியால் அளக்கவேண்டாம். கல்லுப்பும் தூளுப்பும் ஒரு கரண்டியில் ஒரே நிறை வராது. தூளுப்பில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் வினாகிரியைக் கலங்கவைக்கவும் செய்யும். கெடுதி இல்லை, பார்வைக்கு மட்டும் அழகில்லை.

காயை விடிய ஆய்ந்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு வெட்டுங்கள். வெட்டியபின் கழுவினால் வெயில் எடுக்கப் போகும் தண்ணீரை நீங்களே திரும்ப ஏற்றுகிறீர்கள். பப்பாசிக்காயையும் கரட்டையும் சின்ன விரல் தடிப்பில் நீட்டுத் துண்டுகளாக வெட்டி, உப்பைப் பிரட்டி அரை மணித்தியாலம் வையுங்கள். ஊறிய தண்ணீரை வடித்து, பனையோலைப் பாயிலோ சுளகிலோ ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, பத்து மணியில் இருந்து ஒரு மணிவரை விடுங்கள். மேலே மெல்லிய வேட்டித் துணி. சோழகம் அடிக்கும் நாளில் துணி இல்லாமல் காயவைத்தால் அச்சாற்றில் றோட்டுப் புழுதி நறநறக்கும். துண்டை வளைத்தால் ஒடியாமல் வளையவேண்டும்; நிழலில் வைக்கும் மற்றக் காய்களையும் கூட்டி நிறுத்தால் 700 கிராம் அளவுக்கு இறங்கியிருக்கவேண்டும். பின்னேரம்வரை விட்டுவிட்டால் வற்றல்தான்.

வெங்காயத்தையும் பயிற்றங்காயையும் மிளகாய்களையும் உப்புப் பிரட்டி நிழலில், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். பிறகு வினாகிரியைச் சீனியோடு சூடாக்கி, கொதி வந்ததும் பயிற்றங்காயை இரண்டு நிமிடம், வெங்காயத்தையும் மிளகாயையும் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், அமிலம் அதை அரிக்கும். எவர்சில்வர் அல்லது மண்சட்டி. பயிற்றங்காயின் பச்சை மங்கி ஒலிவ் நிறமாகும். அமிலம் பட்டால் அப்படித்தான், பழுதாகவில்லை.

அதிகம் பேர் பிழைவிடும் இடம் கடுகு. கடுகின் காரம் விதையில் அப்படியே இருப்பதில்லை. அரைபட்டு ஈரம் பட்டபின் ஒரு நொதியம் வேலை செய்துதான் உண்டாகிறது. சூடான வினாகிரியில் அரைத்த கடுகைக் கொட்டினால் அந்த நொதியம் செத்து, காரத்துக்குப் பதில் கசப்பு மட்டும் மிஞ்சும். கடுகை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, உள்ளி, இஞ்சி, மிளகோடு அம்மியில் மைபோல் அரையுங்கள். வினாகிரி கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் மஞ்சளோடு கரையுங்கள். அதன்பிறகே எல்லாக் காயும் போத்தலுக்குள். சில நாளில் உள்ளி நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பயப்படவேண்டாம், உள்ளிக்கும் அமிலத்துக்கும் இடையில் நடப்பது அது.

கண்ணாடிப் போத்தல் அல்லது உள்ளே வெடிப்பில்லாத பீங்கான் சாடி. தகர மூடி என்றால் இடையில் தடித்த பொலித்தீன் வைத்து மூடுங்கள். காய் வினாகிரிக்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்றாம் நாள் தொடலாம், இரண்டாம் கிழமையில்தான் சுவை கூடும். திறந்தபின் பிரிட்ஜில், காய்ந்த கரண்டியோடு.

இரண்டு போத்தலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றாம் நாள் வித்தியாசம் பெரிது. செயற்கை வினாகிரி போட்டது தொண்டையைப் பிடிக்கும். தென்னை வினாகிரி போட்டதில் புளிப்பு உருண்டு வரும். இரண்டு கிழமை கழிந்தால் கடுகும் உள்ளியும் ஏறி, இடைவெளி பாதிக்கு மேல் குறைந்துவிடும். காய் கடிபடுவதில் வித்தியாசமே இல்லை: அது வெயிலில் வாட்டியதன் பலன். ஆகவே பெரிய சாடி நிறையப் போட்டு ஊறவிடுபவர், 4% என்று தெளிவாக எழுதிய செயற்கை வினாகிரியை வாங்கினால் நட்டமில்லை.

கத்தரிக்காய் மோஜுவுக்கு இது பொருந்தாது. அங்கே காயின் தண்ணீரை எடுப்பது வெயில் இல்லை, எண்ணெய். 500 கிராம் கத்தரியை விரலளவு வெட்டி, உப்பு மஞ்சள் பிரட்டிப் பதினைந்து நிமிடம் வைத்துப் பிழிந்து, பொன்னிறமாகப் பொரிக்கவேண்டும். 150 கிராம் சின்ன வெங்காயமும் எட்டுப் பச்சைமிளகாயும் வாட்டிப் பொரித்து, 4 மேசைக்கரண்டி வினாகிரி, 2 தேக்கரண்டி அரைத்த கடுகு, 1 மேசைக்கரண்டி சீனியோடு பிரட்டினால் அன்று இரவே தட்டுக்கு வரும். ஊற நேரம் இல்லாத பண்டத்தில் வினாகிரியின் சொந்தச் சுவை அப்படியே வாயில் படும். இதற்கும் வெங்காயச் சம்பலுக்கும் தென்னை வினாகிரிதான். 350 மில்லிச் சின்னப் போத்தல் ஒன்று இதற்கென்று இருக்கட்டும். பொரித்த எண்ணெய் நன்றாக வடியாவிட்டால் வினாகிரி காய்க்குள் இறங்காமல் மேலாக வழுக்கும். மோஜு பிரிட்ஜிலும் ஒரு கிழமைக்கு மேல் வேண்டாம், அச்சாற்றைப்போல் நினைத்து வெளியே வைப்பவர்கள் உண்டு.

போட்ட அச்சாறு பழுதானால் எங்கே பிழை என்று போத்தலே காட்டும். குமிழி எழும்பி மூடி உப்பினால் அமிலம் காணாது, அல்லது சீனி கூட. மேலே தட்டையான வெள்ளைப் படலம் ஈரக் கரண்டியால் வந்த ஈஸ்ற். பிரிட்ஜில் வைத்ததில் தொடக்கத்திலேயே கண்டால் வழித்து எடுத்துவிட்டு இரண்டு நாளில் முடிக்கலாம். பஞ்சுபோல, பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தால் முழுவதையும் கொட்டுங்கள். மொறுமொறுப்புக்கென்று சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. மூன்று நான்கு தண்ணீரில் அலசாவிட்டால் மிஞ்சும் சுண்ணாம்பு வினாகிரியின் அமிலத்தைத் தின்றுவிடும், 4% இல் அப்படி விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

பச்சைமிளகாய் மட்டும் அள்ளிக் காய்த்திருந்தால் வினாகிரிக்கே செலவழிக்கவேண்டாம். கீறி, உப்புப் போட்ட தயிரில் இரவில் ஊறவைத்து, பகலில் காயவைத்து, தயிர் முடியும்வரை அப்படியே செய்து கலகலவென்று காய்ந்தபின் ரின்னில் அடையுங்கள்.