20 மில்லிமீற்றர் பம்புக்கு 18 மில்லிமீற்றர் சீல்

விமானம் நேரத்துக்கு இறங்கியது, கொழும்பிலிருந்து தொடருந்தில் இருக்கை கிடைத்தது, நல்லூரில் தேரும் தீர்த்தமும் கண்குளிரப் பார்த்தாயிற்று. ஆகவே அவற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது, கொக்குவிலில் அண்ணர் நடத்தும் வாகனச் சேர்விஸ் ஸ்டேஷனில் நெடுங்காலமாக ஓடிவந்த பிரஷர் வோஷரின் (தண்ணீரை அழுத்தத்தில் பீச்சிக் கழுவும் மெசின்) பம்பைப் பற்றியும், அதற்குத் தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையமான சீல் ஒரு தொகுதி வாங்கப் போய் நாங்கள் பட்ட பாட்டைப் பற்றியும்தான்.

இயந்திரம் பழையதே தவிர மட்டமானதல்ல. த்ரீ பேஸ் மின்சாரத்தில் ஓடும் 5.5 குதிரைவலு மோட்டர். அதன் சாஃப்டில் நேரடியாகப் பூட்டிய இத்தாலியப் பம்ப். நிமிடத்துக்கு 15 லீற்றர் தண்ணீரை 140 பார் அழுத்தத்தில் தள்ளும் வல்லமை. வீட்டு முற்றம் கழுவ இப்போது எல்லோரும் வாங்கும் சின்ன மெசின்களைப் போல இரண்டு மழைக்காலத்துக்குப் பின் எறிந்துவிடும் சாமானல்ல அது. உள்ளே கிராங்க் சாஃப்ட், முன்னும் பின்னும் போய்த் தண்ணீரைத் தள்ளும் மூன்று செராமிக் தண்டுகள் (பிளஞ்சர்கள்), பித்தளைத் தலை, அதற்குள் ஆறு வால்வுகள் என்று முழுவதும் கழற்றிப் பூட்டக்கூடியதாகச் செய்யப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறக்கப்பட்டதால், இருக்கிற வானையும் ஓட்டோவையும் ஆட்கள் கழுவித் துடைத்துக் காப்பாற்றுகிறார்கள்; அண்ணரின் வாசலில் காலை ஏழு மணிக்கே வாகனங்கள் நிற்கும். அப்படியான இடத்தில் பம்ப் படுத்தால் தொழிலே படுத்த மாதிரி.

நான் போன நேரம் அது படுக்கத் தொடங்கியிருந்தது. குழாய் கையில் நில்லாமல் உதறியது, அழுத்தமானியின் முள் ஓரிடத்தில் தரிக்காமல் ஆடியது, பம்பின் ஒயில் கண்ணாடியில் தெரிந்தது ஒயில் அல்ல, பால்தேநீர் நிறத்தில் ஏதோ ஒரு கலவை. ரொறன்ரோவில் அடுக்குமாடிக் கட்டடங்களின் பராமரிப்பில் வேலை செய்பவன் என்ற வகையில், பனிக்காலம் முடிந்ததும் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடங்களில் படிந்த உப்பைக் கழுவ இதே இன மெசின்களோடுதான் நான் மாரடிக்கிறேன். குழாய் உதறினால் ஆறு வால்வுகளில் ஏதோ ஒன்று சரியாக மூடவில்லை என்றும், ஒயில் வெளுத்தால் தண்ணீர்ப் பக்கத்துச் சீல் போய்க் கிராங்க் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறது என்றும் அர்த்தம். இரண்டுமே திருத்தக்கூடிய குறைகள்.

யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் பழைய நாளில் சாமான் வாங்கியவர்களுக்கு அந்த முறை நினைவிருக்கும். உடைந்த பாகத்தைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு போவோம். முதலாளி அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்ப்பார், மேலே பரணைப் பார்த்து ஒரு பெடியனைக் கூப்பிடுவார், அவன் தூசி படிந்த ஒரு பெட்டியோடு இறங்குவான். பாகம் பாகத்தோடு பொருந்துகிறதா என்று கண்ணுக்கு முன்னால் பார்த்த பிறகுதான் காசு கைமாறும். இப்போது கடைகள் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாக மினுங்குகின்றன. ஆனால் நான் நீட்டிய பிளஞ்சரை ஒருவரும் கையால் தொடவில்லை. எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: "படத்தை வட்ஸ்அப்பில போடுங்கோ அண்ணை, பாத்துச் சொல்லுறம்."

ஒரு கடையில் சீல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "உந்த மொடலுக்கு இனிச் சாமான் வராது, புதுப் பம்பே பூட்டுங்கோ" என்று ஒரு பெட்டியை மேசையில் வைத்தார்கள். பெட்டியிலேயே எழுதியிருந்தது: நிமிடத்துக்கு 3400 சுற்று, முக்கால் இஞ்சி சாஃப்ட். அதாவது பெற்றோல் எஞ்சினுக்குச் செய்த பம்ப். அண்ணரின் மோட்டர் 1450 சுற்று, 24 மில்லிமீற்றர் சாஃப்ட். சாஃப்ட் பொருந்தாதே என்றேன், கடைந்து பூட்டலாமாம். சுற்று பாதிக்கும் குறைவாகிவிடுமே என்றேன். "தண்ணி வந்தால் சரிதானே அண்ணை" என்று சிரித்தார்.

தண்ணீர் வரும்தான். ஆனால் இந்த வகைப் பம்பில் தண்ணீரின் அளவு சுற்றின் வேகத்தோடு நேராக ஏறி இறங்கும். 3400இல் 15 லீற்றர் தருவது 1450இல் 6.4 லீற்றர்தான் தரும். தண்ணீர் பீறிடும் முனையான அதே நொசிலால் அந்தத் தண்ணீரை விட்டால் அழுத்தம் அதைவிட மோசமாக விழும், ஏனென்றால் அது தண்ணீர் அளவின் இருமடிப்படி குறைவது. 140 பார் இருந்த இடத்தில் ஏறத்தாழ 25 பார் நிற்கும். அதைக்கொண்டு லொறியின் அடியில் ஒட்டிய சேற்றைக் கழற்ற முடியாது. அந்தப் பம்பை விற்கிறவருக்கு இது தெரியாமல் இருப்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. கேட்டுப் பார்க்கவேண்டிய ஒரு விடயம் என்றே அவர் நினைக்கவில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

(கனடாவிலிருந்து ஒரு பம்பைக் கொண்டுவந்திருக்கலாமே என்று சொந்தக்காரர் எல்லோரும் கேட்டார்கள். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இதே வகை மோட்டர் 1750 சுற்றில் ஓடும், சாஃப்ட் இஞ்சிக் கணக்கு. அந்தப் பம்பை இங்கே 1450இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் குறையும். சூட்கேசில் அந்த நிறையைச் சுமந்துவந்து குறைந்த தண்ணீரை வாங்க எனக்கு மனமில்லை.)

பிறகு கொழும்பில் ஒரு விற்பனையாளரைப் பிடித்தோம். பம்பின் படம் கேட்டார், அனுப்பினோம். மொடல் இலக்கம் தெளிவாகத் தெரியும்படி பெயர்ப்பலகையின் படத்தையும் கூடவே அனுப்பினேன். சில நிமிடத்தில் விலை வந்தது, வங்கிக் கணக்கு இலக்கம் வந்தது, காசு போட்டதும் அன்றிரவு பஸ்ஸிலேயே பொதி ஏறியது. விடியற்காலையில் பஸ் நிலையத்தில் பொதியைக் கையில் வாங்கியபோது, ரொறன்ரோவில்கூட இந்த வேகம் கிடைக்காதே என்று அண்ணரிடம் பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து பொதியைப் பிரித்துப் பிளஞ்சரில் மாட்டிப் பார்த்தால் சீல் ஏறவில்லை. எங்கள் பிளஞ்சர் 20 மில்லிமீற்றர். வந்தது 18 மில்லிமீற்றருக்கான சீல்.

இந்த வகைப் பம்புகளில் வெளிப்பெட்டி ஒன்றாகவே இருக்கும், உள்ளே பிளஞ்சரின் விட்டம் மட்டும் மாறும். அந்த விட்டத்தை வைத்துத்தான் ஒரே உருவத்தில் வெவ்வேறு அளவு தண்ணீர் தரும் பம்புகளைச் செய்கிறார்கள். ஆகவே வெளியிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துச் சீல் விற்க முடியாது. பெயர்ப்பலகையைப் படித்தால் முடியும், அல்லது "எத்தினை மில்லி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் முடியும். இரண்டில் எதுவும் நடக்கவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது, "படத்தில அப்பிடித்தான் தெரிஞ்சது" என்றார். மாற்றித் தருவீர்களா என்று கேட்டதற்கு, பற்றுச்சீட்டின் அடியில் சிவப்பு எழுத்தில் இருக்கும் வாசகத்தைப் பார்க்கச் சொன்னார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று அங்கே மூன்று மொழியிலும் இருந்தது. விற்கிறவர் பிழையான பொருளை அனுப்பினாலுமா என்று கேட்டேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு நான் அனுப்பிய செய்திகளுக்கு நீலச் சரி மட்டும் விழுந்தது.

ரொறன்ரோவில் கடைக்காரர் முகத்தைக்கூட நிமிர்ந்து பாராமல் பொருளைத் திரும்ப எடுத்துக் காசைத் தருவார். ஆனால் அங்கேயும் சீலைப் பற்றி எவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியைப் பார்த்தவர் பம்பைக் கழற்றிச் சீல் மாற்ற நினைக்கமாட்டார். முழுப் பம்பையும் மாற்றிவிட்டுப் பழையதை இரும்புக்குப் போட்டுவிடுவார். நானே அப்படிப் போட்டவற்றை எண்ணினால் வெட்கமாக இருக்கும்.

கடைசியில் பம்பை அண்ணரின் ஓட்டோவில் ஏற்றி, பலாலி வீதியில் உரும்பிராய்ப் பக்கமாக இருக்கும் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, ஒரு பழைய லேத், சுவரோரம் இறைப்பு மெசின்களினதும் மருந்தடிக்கும் பம்புகளினதும் குவியல். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்பரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவிட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அந்த ஐயா. பம்பைக் கண்டதும் அவர் படம் கேட்கவில்லை. சேர்ட் பையிலிருந்து விட்டம் அளக்கும் வேணியரை எடுத்தார்.

"தம்பி, 20 மில்லி. உங்களிட்டை எத்தினை மில்லி எண்டு கேட்டவையே?"

"இல்லை ஐயா."

"பிறகென்னண்டு சாமான் வித்தவை?"

இதே கேள்வியைத்தான் நான் கொழும்புக்குக் கேட்டு அனுப்பியிருந்தேன். ஐயா வாங்கில் பழைய பத்திரிகை ஒன்றை விரித்து, ஆறு வால்வுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்தத் துளையிலிருந்து வந்ததென்று பென்சிலால் பத்திரிகையிலேயே இலக்கம் எழுதி அதன் மேல் வைத்தார். உள்ளே போகும் பக்கத்து வால்வு ஒன்றின் இருக்கையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பொருக்கு ஏறியிருந்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் தோண்டியவை. கேத்தலின் அடியில் படிவதுதான் பம்பின் வால்விலும் படிகிறது. அந்த வால்வை மீன் ரின் ஒன்றில் போட்டு வினாகிரியை ஊற்றினார். பொருக்கு நுரைத்துக் கரைந்தது. ரொறன்ரோவில் இந்தக் குறைக்கு ஆறு வால்வையும் புதிதாகப் போடுவார்கள், அல்லது பம்பையே மாற்றுவார்கள்.

மூன்று பிளஞ்சர்களில் ஒன்றின் செராமிக் வெடித்திருந்தது. அதை விரல் நகத்தால் தடவிக் காட்டிவிட்டு, கையை வோட்டர் கன்னிலிருந்து எடுத்துவிட்டு மோட்டரை ஓடவிடுகிறார்களா என்று அண்ணரிடம் கேட்டார். அண்ணர் பதில் சொல்லாமல் வாசலைப் பார்த்தார். வேலைக்கு நிற்கும் பெடியன்கள் தொலைபேசி வந்தால் விசையை விட்டுவிட்டு மெசினை ஓடவிட்டபடியே பேசப் போய்விடுவார்கள். அந்த நேரம் வெளியே போக வழியில்லாத தண்ணீர் பைபாஸ் வழியாகப் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடேறும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அப்படி விடவே கூடாது. பிறகு விசையை அழுத்தியதும் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் பாய, சூடான செராமிக் வெடிக்கும், சீலும் இறுகிப்போகும். கொழும்புக்காரரும் ஸ்டான்லி வீதிக்காரரும் எவ்வளவு புதுச் சாமான் விற்றிருந்தாலும் இதே கதை அடுத்த வருடமும் நடந்திருக்கும்.

செராமிக்கை லேத்தில் கடைய முடியாது. ஐயா குவியலுக்குள் கையை விட்டு, செத்துப்போன வேறொரு பம்பைத் தேடி எடுத்து, அதன் பிளஞ்சரை வேணியரால் அளந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அதையே பூட்டினார். சீலுக்கு, பிளஞ்சரின் விட்டத்தையும் சீல் இருக்கும் குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தன் பழக்கத்தில் உள்ள ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்தார். படம் எதுவும் போகவில்லை. வந்த சீல் சொன்ன இடத்தில் உட்கார்ந்தது.

இந்த மனிதரைப் புகழ்ந்து எழுதுவதற்கு இடையூறாக இருப்பது அவருடைய "நாளைக்கு" என்ற சொல் ஒன்றுதான். நாளைக்கு வாங்கோ என்பார். போனால் பட்டறை பூட்டியிருக்கும். தொலைபேசி அடித்தால் செத்தவீடு, அல்லது திருவிழா, அல்லது மின்வெட்டு. அண்ணர் இதற்கெல்லாம் அசையவில்லை, நான்தான் வாசலில் நின்று கொதித்தேன். எழுத்தில் எதுவும் கிடையாது, உத்தரவாதம் கிடையாது, மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் "பாப்பம்" என்பதற்கு மேல் பதில் கிடையாது. ரொறன்ரோவில் இப்படி ஒரு வேலைத்தலம் ஒரு மாதம்கூட நிலைக்காது. அதே நேரம், அங்கே இருக்கும் எந்த வேலைத்தலமும் இந்தப் பம்பைத் திறந்திருக்காது.

பூட்டி, புது ஒயில் விட்டு ஓட்டிப் பார்த்தபோது முள் ஆடாமல் 120 பாரில் நின்றது. மீதிக்கு நொசிலைப் பாருங்கள் என்றார் ஐயா. துளை தேய்ந்து பெருத்திருந்தது. புதிய நொசில் போட்டதும் 135க்கு ஏறியது. ஒயிலை முதலில் 50 மணித்தியாலத்திலும் பிறகு 500 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொன்னார். வாங்கிய நாளிலிருந்து அண்ணர் அதைத் தொட்டதேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கூலியும் சாமானும் சேர்த்து, ஸ்டான்லி வீதியில் காட்டிய பொருந்தாத பம்பின் விலையில் கால்வாசியும் வரவில்லை. தாங்கியிலிருந்து வரும் அரை இஞ்சிக் குழாயைக் கழற்றி ஒரு இஞ்சியாகப் போடாவிட்டால் பம்ப் தண்ணீருக்கு ஏங்கி மறுபடி கெடும் என்றும் சொன்னார். அண்ணர் தலையாட்டினார், நான் விமானம் ஏறும்வரை அந்தக் குழாய் அரை இஞ்சியாகவே இருந்தது.

18 மில்லிமீற்றர் சீல் முழுத்தொகுதியும் பாவிக்காமல் கொக்குவிலில் இருக்கிறது. பிளஞ்சரை வேணியரால் அளந்து பார்த்து, 18தான் என்று நிச்சயமாகத் தெரிந்தவர் யாரும் இருந்தால் அண்ணரிடம் வந்து எடுத்துக்கொள்ளலாம்; காசு வேண்டாம்.