பழகிய ஓட்டுநருக்கு எந்தப் பயிற்சி: டிராக்கா, ரோடா?

பெங்களூரில் பல வருடமாகக் கார் ஓட்டுகிற நம்ம ஆட்களில் பெரும்பாலோருக்கு, லைசென்ஸ் வாங்கியபிறகு பக்கத்தில் உட்கார்ந்து தப்பைச் சொல்ல ஆளே இருந்ததில்லை. அவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது: ரேஸ் டிராக்கிலோ காலி மைதானத்திலோ நடக்கும் பயிற்சி, பயிற்சியாளர் நம் காரில் ஏறி ரோட்டிலேயே சொல்லித்தருவது, ஆபீஸில் ஸ்லைடு போட்டு நடத்தும் வகுப்பு.

கடைசியதை ஆபீஸே நடத்தினால் போய் உட்காருங்கள். கைக்காசு போட வேண்டாம், ஸ்டியரிங்கைத் தொடாமல் ஓட்டும் பழக்கம் மாறாது.

டிராக்கில் கிடைக்கிற பெரிய லாபம் முழு பிரேக். ஏபிஎஸ், அதாவது முழு பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு, வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். முதல்முறை அதை உணர்கிறவர் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுவார், கார் மேலும் பல அடி ஓடும். அழுத்திய காலை எடுக்காமலேயே ஸ்டியரிங்கைத் திருப்பி விலகலாம் என்பதை உடம்புக்குப் பழக்க நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு பக்கம் இடம் கிடைக்காது, மைதானம்தான் வேண்டும். ஆனால் சறுக்கல் வித்தைகளை மட்டும் பிரதானமாக வைக்கிற பயிற்சி எனக்குப் பிடிக்காது. நார்வேயில் இளைஞர்களுக்குச் சறுக்கல் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, துணிச்சல் ஏறி விபத்து கூடியது என்று 1980களிலேயே ஆய்வு சொன்னது.

என் ஓட்டு ரோட்டுப் பயிற்சிக்கே. பிரிட்டனில் போலீஸ் ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தருகிற வரிசைதான் இதற்கு அடிப்படை: முதலில் கவனி, பிறகு இடம் பிடி, வேகத்தைச் சரிசெய், கியர் போடு, கடைசியில்தான் ஆக்சிலரேட்டர். பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்வார்கள். நிற்கிற பிஎம்டிசி பஸ்ஸுக்கு அடியில் யாருடைய காலாவது தெரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வரும், ஏனென்றால் அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் அடுத்த நொடி பஸ்ஸுக்கு முன்னாலிருந்து வெளியே வருவார். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று, தர்மபுரி தாண்டியதும் வரும் தொப்பூர் இறக்கம். அங்கே பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளால் எத்தனையோ விபத்து நடந்திருக்கிறது, அதனால் இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைப்பதும், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பாரவண்டிக்கு நேர் முன்னால் மாட்டாமல் இருப்பதும் டிராக்கில் யாரும் சொல்லித்தருகிற பாடமில்லை. மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடிவிடும். அந்த ஒரு நொடியை முன்கூட்டியே சம்பாதிக்கிற பயிற்சி இதுதான்.

ஆள் தேடும்போது ஒன்று கேளுங்கள்: "முதலில் நீங்கள் கொஞ்ச தூரம் ஓட்டிக்காட்டுவீர்களா சார்?" தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ரோட்டுப் பயிற்சி முடிந்தபிறகு அரைநாள் மைதானம் போதும். அதற்கும் சொந்தக் காரையே கொண்டுபோங்கள், பழைய காரில் ஏபிஎஸ் இல்லையென்றால் பயிற்சியாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், கிளம்புமுன் டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3521 என்றால் 2021இன் 35ஆவது வாரத்தில் செய்த டயர்.