அனுப்பினேனா, அனுப்பியிருக்கேனா: பெங்களூர் ஆபீஸ் ஆங்கிலத்தில் மோதும் வாக்கிய ஜோடிகள்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களின் ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பஞ்சம் அபூர்வம். ஒரே சேதிக்கு இரண்டு வாக்கிய அமைப்புகள் கைவசம் இருக்கும். அதில் தப்பானதை எடுப்பதில்தான் இடறல். பெரும்பாலும் தமிழ் வினை எந்த அமைப்பை முதலில் நீட்டுகிறதோ, அதுவே மெயிலில் ஏறிவிடுகிறது. அடிக்கடி மோதும் ஜோடிகளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம்.

'ஐ சென்ட்', 'ஐ ஹேவ் சென்ட்', 'ஐ ஹேட் சென்ட்'

அதிகம் குழப்புவது இதுதான். 'ஐ சென்ட் தி ரிப்போர்ட்' என்றால் அனுப்பியது கடந்துபோன ஒரு நேரத்தில் நடந்தது: நேற்று, காலை பத்து மணிக்கு, போன மாதம். 'ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட்' என்றால் எப்போது என்பது பேச்சே இல்லை. ரிப்போர்ட் உங்கள் கையில் இருக்கிறது, அடுத்த வேலையைப் பாருங்கள் என்பதே சேதி. ஆகவே ஹேவ் இருக்கும் இடத்தில் கடந்துபோன நேரச்சொல் நிற்காது. 'ஐ ஹேவ் சென்ட் தி மெயில் எஸ்டர்டே' என்பதில் ஒன்று ஹேவ் போக வேண்டும், இல்லை எஸ்டர்டே போக வேண்டும்.

தமிழில் 'நேத்தே அனுப்பியிருக்கேன்' என்பதில் ஒரு குறையும் கிடையாது. நம் 'இருக்கேன்' கடந்துபோன நேரச்சொல்லையும் தாராளமாகத் தாங்கும். ஆங்கில ஹேவ் தாங்காது. சந்தேகம் வந்தால் எழுதிய வாக்கியத்தைப் பார்த்து 'எப்போ?' என்று கேளுங்கள். பதில் வாக்கியத்துக்குள்ளேயே இருந்தால் ஹேவ் வேண்டாம். பெங்களூரின் 'நம்ம மெட்ரோ'வில் பர்ப்பிள் லைன் முதலில் ஓடியது 2011 அக்டோபரில், பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் இடையே. அது 'இட் ஓப்பன்ட் இன் 2011'. அதே பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டு வரை தடையில்லாமல் போவது 2023 அக்டோபரிலிருந்து, இன்றும் போகிறது. ஆகவே 'இட் ஹேஸ் ரன் டு ஒயிட்ஃபீல்டு சின்ஸ் 2023'.

'திஸ் மார்னிங்' கொஞ்சம் வழுக்கும். காலை பதினொரு மணிக்குச் சொன்னால் 'ஐ ஹேவ் ஹேட் டூ கால்ஸ் திஸ் மார்னிங்' சரி, காலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு அதையே சொன்னால் 'ஐ ஹேட் டூ கால்ஸ்'தான்.

அமெரிக்க டீமோடு வேலை என்றால் பாதிக் கவலை குறையும். பிரிட்டிஷ்காரர் 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்' என்று எழுதும் இடத்தில் அமெரிக்கர் 'ஐ ஆல்ரெடி சென்ட் இட்' என்பார். இரண்டும் செல்லும். எஸ்டர்டே விதியில் மட்டும் இரு தரப்புக்கும் பேதமில்லை.

ஹேட் வேறு ரகம். 'போன வாரம் மைசூருக்குப் போயிருந்தேன்' என்ற பழக்கத்தில் 'ஐ ஹேட் கான் டு மைசூரு லாஸ்ட் வீக்' வந்துவிடுகிறது. 'ஐ வென்ட்' போதும். ஹேட் வருவதற்கு இன்னொரு கடந்தகாலச் சம்பவம் பக்கத்தில் வேண்டும். அதற்கும் முன்னால் நடந்ததைத்தான் ஹேட் காட்டும். 'வென் ஐ ரீச்ட் சாந்திநகர், தி சேலம் பஸ் ஹேட் லெஃப்ட்' என்றால் நீங்கள் வரும்போது ஸ்டாண்டில் பஸ் இல்லை. 'வென் ஐ ரீச்ட் சாந்திநகர், தி சேலம் பஸ் லெஃப்ட்' என்றால் நீங்கள் வந்து சேரவும் அது கிளம்பவும் சரியாக இருந்தது. 'ஐ ஹேட் சென்ட் யூ தி ஃபைல்' என்று மொட்டையாக எழுதினால், படிப்பவர் 'சரி, அப்புறம் என்ன ஆச்சு?' என்று அடுத்த வரியைத் தேடுவார்.

'சின்ஸ்', 'ஃபார்'

'மூணு வருஷமா இங்க வேலை செய்றேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' பிறக்கிறது. அதில் தப்பு இரண்டு. அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு 'ஹேவ் பின்' வேண்டும். கால அளவுக்கு ஃபார், தொடக்கத் தேதிக்கு சின்ஸ். 'ஐ ஹேவ் பின் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' அல்லது 'சின்ஸ் 2021'. இன்டர்வியூவில் இதைவிட ஆபத்தானது 'ஐ ஒர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்'. வேலையை விட்டாயிற்று என்றே எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

'ஐ ஹேவ்', 'ஐ ஆம் ஹேவிங்'

'ரெண்டு வண்டி வச்சிருக்கேன்' என்பது 'ஐ ஆம் ஹேவிங் டூ பைக்ஸ்' ஆகக் கூடாது. உடைமை, உறவு, அறிவு, விருப்பம் ஆகியவை நிலைகள். அவற்றுக்கு 'இங்' ஒட்டாது. சாப்பாடு, மீட்டிங் மாதிரி நடந்துகொண்டிருக்கும் காரியம் என்றால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரியே. 'ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்' வேண்டாம், 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்'. வீட்டு விஷயத்திலும் கவனம்: 'ஐ ஆம் ஸ்டேயிங் இன் மாரத்தஹள்ளி' என்றால் நம் ஊரில் குடியிருப்பது, லண்டன்காரர் காதில் சில நாள் தங்கல். குடித்தனத்துக்கு 'ஐ லிவ்'.

கேள்விக்குள் கேள்வி

'வென் யூ வில் கம்?' என்று திருப்பாமல் கேட்பவரே அடுத்த நிமிடம் 'கேன் யூ டெல் மீ வேர் இஸ் தி மீட்டிங் ரூம்?' என்று திருப்பக்கூடாத இடத்தில் திருப்புவார். தமிழில் கேள்விக்காக எழுவாயும் வினையும் இடம் மாறுவதில்லை. 'எங்க இருக்கு' தனியாக நின்றாலும் 'எங்க இருக்குன்னு சொல்லுங்க' என்று உள்ளே போனாலும் அதே வரிசை. ஆங்கிலத்தில் நேரடிக் கேள்வி திரும்பும்: 'வென் வில் யூ கம்?' உள்ளே போன கேள்வி நேராக நிற்கும்: 'கேன் யூ டெல் மீ வேர் தி மீட்டிங் ரூம் இஸ்?' ஒரு வாக்கியத்தில் ஒரு திருப்பம், அதுவும் முன்பகுதியில் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. டஸ், டிட் வரும் கேள்வியில் இன்னொரு படி உண்டு: 'வாட் டஸ் ஹி வாண்ட்?' உள்ளே போகும்போது டஸ் விழுந்து, அதன் 'ஸ்' வினைக்குத் திரும்பும். 'டூ யூ நோ வாட் ஹி வாண்ட்ஸ்?'

கேட்பதும் ஏவுவதும்

தமிழில் 'அனுப்புங்க' என்பதிலேயே மரியாதை அடங்கிவிடுகிறது. ஆங்கில வினையில் அந்த 'ங்க' இல்லை. ப்ளீஸ் சேர்த்தாலும் 'ப்ளீஸ் சென்ட் தி ஃபைல்' மென்மையான உத்தரவுதான். சம நிலையில் இருப்பவருக்கு 'குட் யூ சென்ட் தி ஃபைல் பை ஃபோர்?' பொருந்தும், நேரம் சொல்வது மரியாதைக் குறைவும் ஆகாது. 'ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்' இந்த வகையில் மட்டம்: என்ன செய்யணும், எப்போ முடிக்கணும், இரண்டும் அதில் இல்லை.

'வுட் யூ மைண்ட் சென்டிங் இட்?' இன்னும் பணிவு, ஆனால் பதிலில் ஒரு பொறி. ஆட்சேபணை உண்டா என்பதே கேள்வி, ஆகவே சம்மதத்துக்கு 'நாட் அட் ஆல்'. நம் ஆட்கள் உற்சாகமாக 'யெஸ்' சொல்லி, மாட்டேன் என்ற அர்த்தம் வந்து நிற்கும்.

'வாண்ட்' வந்தால் ஆளும் டு-வும்: 'ஐ வாண்ட் யூ டு செக்'. 'சஜஸ்ட்' அதை ஏற்காது. 'ஐ சஜஸ்ட் யூ செக்' அல்லது 'ஐ சஜஸ்ட் செக்கிங்'.

யார் செய்தது

'டேபிள் அழிஞ்சுபோச்சு' என்று ஆளைச் சொல்லாமல் தப்பிக்கத் தமிழ் நல்ல வழி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'தி டேபிள் வாஸ் டெலீட்டட்'. நடந்து முடிந்த கோளாறின் அறிக்கைக்கு இது நல்லதே; பழி சொல்லாமல் காரணத்துக்குப் போகலாம். இனி நடக்க வேண்டியதற்கு இதே அமைப்பு உதவாது. 'தி சர்வர் வில் பி ரீஸ்டார்ட்டட்' என்று எழுதினால் ஆறு பேரும் மற்றவர் செய்வார் என்று காத்திருப்பார்கள். 'பிரியா வில் ரீஸ்டார்ட் தி சர்வர் அட் சிக்ஸ்' என்றால் வேலை நடக்கும்.

கடைசியில் ஒட்டும் 'ஒன்லி'

'இங்கேயே இருக்கேன்' என்பது 'ஐ ஆம் ஹியர் ஒன்லி'. கன்னடத்திலும் இதே 'ஏ' அழுத்தம் உண்டு என்பதால் பெங்களூரில் யாருக்கும் அது உறுத்தாது. தர்ஷினியிலும் (நின்றபடி சாப்பிடும் ஓட்டல்) டீம் சாட்டிலும் அதை நோண்டத் தேவையில்லை. வெளிநாட்டு கிளையண்டுக்கு எழுதும்போது அர்த்தம் பிசகும். 'இன்னிக்குத்தான் டெஸ்ட் பண்ணேன்' என்று நினைத்து 'ஐ டெஸ்டட் இட் டுடே ஒன்லி' எழுதினால், ஒரே ஒரு நாள்தான் டெஸ்ட் செய்திருக்கிறார்கள் என்று அங்கே படிப்பார்கள். 'ஐ டெஸ்டட் இட் ஜஸ்ட் டுடே' என்று மாற்றினாலும் அதே சந்தேகம் மிஞ்சும். 'தி டெஸ்டிங் வாஸ் கம்ப்ளீட்டட் டுடே' என்று எழுதிவிடலாம்.