148 பவுண்டுக்கு ஸ்ப்ரே கிரீம்: ‘ஆஃப்டர்நூன் டீ’ வவுச்சர் வாங்கும் முன் படியுங்கள்

இங்கிலாந்தின் டெவன் கடற்கரைப் பக்கம் குடும்பத்தோடு லீவுக்குப் போகிறவர்களே, ஆஃப்டர்நூன் டீக்கு (டீயோடு சான்ட்விச், கேக் எல்லாம் அடுக்கி வைக்கும் மாலைச் சிற்றுண்டி) தள்ளுபடி வவுச்சர் விற்கும் இணையதளங்களில் பணத்தைக் கட்டாதீர்கள். எங்களுக்கு 148 பவுண்ட் போச்சு. தளத்தின் பெயரையும் கடையின் பெயரையும் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வேறு வந்து சேர வேண்டாம்.

விளம்பரம் இதுதான்: ஆளுக்கு 55 பவுண்ட், தள்ளுபடியில் 37. நாலு பேருக்கு 148. மூன்றடுக்குத் தட்டு, அன்றே சுட்ட ஸ்கோன் (கிரீமும் ஜாமும் தடவிச் சாப்பிடும் பன் மாதிரி), க்ளாட்டட் கிரீம், டீ பேக் இல்லாத இலைத் தேயிலை, ரெண்டு பேருக்கு சைவம். நம்ப வைத்தது ஃபோன்தான். டேபிள் புக் செய்யக் கூப்பிட்டபோது கடைப் பெண்மணி வவுச்சர் எண்ணை வாங்கித் திருப்பிச் சொல்லிவிட்டு, “சைவத்துக்கு ஜெலட்டின் இல்லாத கேக்தான் வைப்போம்” என்று அவராகவே சொன்னார். ஜெலட்டின் மிருகங்களின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் பற்றித் தானாகப் பேசுகிற கடையை யார் சந்தேகப்படுவார்கள்?

நாலு பேருக்கும் சேர்த்து வந்தது, ரெண்டு பேருக்கான ஒரே தட்டு. ஸ்கோன் மைக்ரோவேவில் சூடாக்கியது. கண்டுபிடிப்பது சுலபம். ஓவனில் சுட்ட நல்ல ஸ்கோனுக்கு இடுப்பில் தானாகவே ஒரு வெடிப்பு ஓடும், கையால் திருகினாலே பிரியும். மைக்ரோவேவ் ஸ்கோன் வரும்போது ஈரமாக மெத்தென்று இருக்கும், சில நிமிடத்தில் ரப்பராக இறுகிவிடும். அதன் பக்கத்தில் டப்பாவிலிருந்து பீய்ச்சிய கிரீம். க்ளாட்டட் கிரீம் என்றால் பாலேட்டை மணிக்கணக்கில் மெல்லச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டு எடுப்பது. மேலே மஞ்சள் ஆடை படிந்திருக்கும், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாது. கார்னிஷ் (பக்கத்து கார்ன்வால் மாவட்டத்தது) என்று பெயர் போட்டு விற்க 55 சதவீதம் கொழுப்பாவது வேண்டும். பீய்ச்சுகிற கிரீமில் இருப்பது பெரும்பாலும் காற்று, சூடுபட்டதும் தண்ணீர். ஸ்கோன் மேல் டெவனில் கிரீம் முதலில், கார்ன்வாலில் ஜாம் முதலில் என்று ஊருக்கு ஊர் சண்டை உண்டு. இங்கே எதை முதலில் வைத்தாலும் தட்டுக்கு வழிந்தது.

சைவ சான்ட்விச் என்று வந்தது, ஹாம் (பன்றி இறைச்சி) சான்ட்விச்சிலிருந்து ஹாமை மட்டும் உருவியது. வெண்ணெயில் அதன் தடம் அப்படியே தெரிந்தது. டீக்கு வெதுவெதுப்பான தண்ணீர், அதில் மிதக்கும் டீ பேக். தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூன்று நாலு நிமிடம் மூடி வைக்காத கறுப்புத் தேயிலையில் நிறம்தான் இறங்கும், சாரம் இறங்காது.

பில்லில் 12.5 சதவீத சர்வீஸ் சார்ஜ். எதற்கு? கட்டிய 148க்கு அல்ல, ‘அசல் விலை’ 220க்கு! 27.50 பவுண்ட். வெளியே வந்தால் வாசல் போர்டில் அதே ஆஃப்டர்நூன் டீ ஆளுக்கு 32. நேராக உள்ளே போய் உட்கார்ந்திருந்தால் நாலு பேருக்கு 128தான். தள்ளுபடிக்கு 20 பவுண்ட் கூடுதல்!

கடையில் கேட்டால் “பணம் எங்களிடம் வரவில்லை, தளத்தில் கேளுங்கள்”. தளத்தில் கேட்டால் “வவுச்சர் பயன்படுத்தப்பட்டுவிட்டது, திருப்பித் தர இயலாது”. படங்களை அனுப்பினால் சாட்டில் ஒரு இயந்திரம் மன்னிப்புக் கேட்கிறது. கடைசியாக 10 பவுண்ட் கிரெடிட், அதுவும் அவர்கள் தளத்திலேயே செலவழிக்கணுமாம். 148 எங்கே, 10 எங்கே!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. சுருக்கமாக: வவுச்சர் விலையைக் கடையின் சொந்த மெனுவோடு ஒப்பிடுங்கள். சர்வீஸ் சார்ஜ் ‘விருப்பத்தின் பேரில்’ என்று இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், எடுத்தாக வேண்டும். பிரிட்டிஷ் கிரெடிட் கார்டின் செக்ஷன் 75 பாதுகாப்பு (விற்றவர் ஏமாற்றினால் கார்டு நிறுவனத்திடமே பணம் கேட்கும் சட்டப் பிரிவு) 100 பவுண்டுக்கு மேற்பட்ட ஒரே பொருளுக்குத்தான். 37 வீதம் நாலு வவுச்சர் என்றால் வங்கி கையை விரிக்கும், சார்ஜ்பேக்தான் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்ப இழுப்பது) கேட்க வேண்டும், அதற்கும் கெடு உண்டு. தட்டு வந்ததும் தொடும் முன் படம் எடுங்கள்.